பாதியில் நின்ற பழைய பியானோ பீஸ்களை இத்தனை வருடம் கழித்து முடிக்கலாமா?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் செந்தூலில் வளர்ந்தவர். படிவம் ஐந்து முடித்த கையோடு ஆரம்பித்து, பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடம் வரை பியானோவுக்கு ஐந்து சின்ன பீஸ் எழுதியிருக்கிறீர்கள். மூன்று முழுசாக இருக்கின்றன. நான்காவது மாயாமாளவகௌளை என்ற கர்நாடக ராகத்தில் எழுதியது. 38 பார் (தாளக் கட்டம்) வரை வந்து நின்றுவிட்டது. ஐந்தாவது எட்டு பாரோடு சரி. அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள். இருபத்தைந்து வருடம் கழித்து இப்போது அம்மா வீட்டு அலமாரியில் அந்த நோட்டு கிடைத்திருக்கிறது. “முடிக்கலாமா? முடித்தால் அன்றைய பெண்ணாக முடிப்பதா, இன்றைய ஆளாக முடிப்பதா? பழையதில் கை வைத்தால் அது பொய்யாகிவிடாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கங்களைப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறீர்கள். நான் கோலாலம்பூரில் பியானோ சொல்லிக்கொடுப்பவன், கொஞ்சம் எழுதவும் செய்பவன். ஐந்தையும் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

தாராளமாக முடியுங்கள். எந்த வயது ஆளாக முடிப்பது என்பதை அப்புறம் பார்க்கலாம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்த பீஸ் எங்கே நின்றது, ஏன் நின்றது? பல்கலைக்கழகத்தில் வேலை அதிகமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அதே காலத்தில் மற்ற மூன்றையும் முடித்திருக்கிறீர்களே. நான் பார்த்தவரை, பாதியில் நிற்கும் இசை கடைசி பாரில் நிற்பதில்லை. அதற்கு வெகு முன்னாலேயே எங்கோ வழி தவறியிருக்கும். எழுதியவருக்கு அது பிடிபடாது. இன்னும் ஒரு பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு, சலித்துப்போய் நோட்டை மூடியிருப்பார். வருடங்கள் கழித்துத் திரும்பி வருபவர் அந்த இடத்தைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு 39-ஆவது பாரிலிருந்து எழுத உட்கார்ந்தால் என்ன எழுதினாலும் ஒட்டாது.

நான்காவது பீஸையே எடுத்துக்கொள்வோம். சி-யை ஸட்ஜமாக வைத்திருக்கிறீர்கள். இடது கை ஸ-வையும் ப-வையும் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது; வலது கை ரி-யிலும் த-விலும் தயங்கித் தயங்கி மேலே ஏறுகிறது. முதல் 22 பார் அருமையாக இருக்கிறது. இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. 18 வயதில் இடது கையை இவ்வளவு சும்மா வைத்திருக்கத் தைரியம் வேண்டும். அந்த வயதில் எல்லோரும் இரண்டு கையையும் நிரப்பத்தான் பார்ப்பார்கள்.

23-ஆவது பாரில் இடது கைக்கு ஜி மேஜர் கார்டு (சில சுரங்களை ஒன்றாக அழுத்துவது) கொடுத்திருக்கிறீர்கள், அடுத்த பாரில் சி மேஜர். ஏன் கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்போது நீங்கள் ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் வாரியத்தின் இசைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தீர்கள். ஐந்தாம் கிரேடு தியரி தேறாமல் பொதுவாக மேல் கிரேடு பிராக்டிகல் எழுத முடியாது. அந்தத் தியரியில் கேடன்ஸ், அதாவது இசை வந்து நிற்கும் முடிப்பு, என்றால் ஐந்தாவது கார்டிலிருந்து முதலாவதுக்கு வருவதுதான் முதல் பாடம். நம் ஊரில் பியானோ படித்த எல்லோருக்கும் அது விரலிலேயே ஊறியிருக்கும். ஆனால் ஜி மேஜரில் இருப்பது டி, அதாவது சதுஸ்ருதி ரிஷபம். மாயாமாளவகௌளையில் இருப்பதோ சுத்த ரிஷபம், டி ஃப்ளாட். இந்த ராகத்துக்குள்ளேயே நின்று ப-வின் மேல் கார்டு கட்டினால் ப, நி, சுத்த ரி என்று வரும். அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. பாடப்புத்தகத்தில் நீங்கள் பார்த்த எதனோடும் சேராது. அதனால் பழகிய கார்டை வைத்துவிட்டீர்கள். ஒரே ஒரு சுரம்தான் மாறியது. ஆனால் அதற்கப்புறம் வலது கைக்கு எந்த ரி-யைப் பிடிப்பது என்று தெரியவில்லை. 26-இல் இரண்டும் வருகிறது, 30-க்கு மேல் ராகமே இல்லை, கடைசி எட்டு பார் தொடக்கத்தையே வேறு சுருதியில் திரும்பச் சொல்கிறது. பீஸ் நின்றது 23-இல். மீதி 15 பார் தேடிப் பார்த்தது.

இப்போது என்ன செய்யலாம்? ராகத்தின் ஏழு சுரங்களையும் பியானோவில் வைத்துப் பாருங்கள். ரி, ம, த, நி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள்: டி ஃப்ளாட், எஃப், ஏ ஃப்ளாட், பி. இப்போது ஒவ்வொரு விரலையும் பக்கத்துக் கட்டைக்கு அரைச்சுரம் நகர்த்துங்கள். ரி கீழே இறங்கி ஸ ஆகும். ம இறங்கி க ஆகும். த இறங்கி ப ஆகும். நி மட்டும் மேலே ஏறி ஸ-வில் சேரும். நான்கு குரலும் அரை அரைச் சுரம் நகர்ந்து சுத்தமான சி மேஜரில் வந்து நிற்கும். வெளியிலிருந்து ஒரு சுரம்கூடக் கடன் வாங்கவில்லை. மேற்கத்திய இசையில் இந்தக் கார்டை ஆக்மென்டட் சிக்ஸ்த் வகையில் சேர்ப்பார்கள். வழக்கமாக அதை ப-வை நோக்கிப் போகத்தான் பயன்படுத்துவார்கள். ஆனால் நேரே ஸ-வில் இறங்குவதும் அவர்களுக்குப் புதிதல்ல. ஷூபர்ட் 1828-இல் எழுதிய சி மேஜர் ஸ்ட்ரிங் குவின்டெட் கடைசியில் டி ஃப்ளாட்டைத் தொட்டு சி-யில் இறங்கித்தான் முடிகிறது.

23-ஆவது பாரில் இந்தக் கார்டை வைத்துப் பாருங்கள். வலது கை ராகத்தை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. 18 வயதில் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு, இன்றைக்குத் தெரிகிறது. ஆனாலும் அந்தக் கார்டு அந்தப் பெண் போட்ட கட்டுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். பீஸின் விதி அன்றைக்கு எழுதியவருடையது, அதை மாற்றாதீர்கள். அந்த விதிக்குள் வேலை செய்யும் கை இன்றைக்கு உங்களுடையது, அதை ஒளிக்காதீர்கள். அன்றைய பெண்ணைப் போல எழுத முயன்றால் நடிப்பாகத்தான் முடியும். அவர் விதியைத் தூக்கிப்போட்டுவிட்டு எழுதினால், அதைப் புது பீஸ் என்று சொல்லிவிட்டே எழுதலாமே.

பெரிய இசையமைப்பாளர்களும் இதே இடத்தில்தான் நின்றிருக்கிறார்கள். செர்கேய் புரோகோஃபியேவ் 1891-இல் பிறந்தவர். மாணவராக இருக்கும்போதே பல சொனாட்டாக்களை எழுதிக் குவித்தார். 1917-இல், 26 வயதில், அந்த நோட்டுகளை மறுபடி எடுத்து மூன்றாவது, நான்காவது பியானோ சொனாட்டாக்களை உருவாக்கினார். மூன்றாவது, 1907-இல் 16 வயதில் எழுதிய சொனாட்டாவிலிருந்து வந்தது. இரண்டுக்கும் 'பழைய நோட்டுகளிலிருந்து' என்று துணைத்தலைப்பு போட்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தத் துணைத்தலைப்புதான். பழையதை மறைக்கவும் இல்லை, பழையது என்று சலுகை கேட்கவும் இல்லை. மூன்றாவது சொனாட்டாவைக் கேட்டுப் பாருங்கள். ஒரே மூச்சில் ஓடும் ஒரு இயக்கம் (சொனாட்டாவின் ஒரு பகுதி), எட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எது 16 வயது, எது 26 வயது என்று பிரித்துக் காட்ட முடியாது. பதின்வயதின் அவசரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த அவசரம் தடுக்கி விழாமல் ஓடுவதற்கான பாதையை மட்டும் சீராக்கியிருக்கிறார்.

ராஃமானினோஃபின் கதை இன்னும் பாடம் நிறைந்தது, ஏனென்றால் அவர் இரண்டு விதமாகவும் செய்திருக்கிறார். முதல் பியானோ கான்செர்டோவை (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது) 1891-இல், 18 வயதில் முடித்தார். 1917 இலையுதிர்காலத்தில், மாஸ்கோ தெருக்களில் புரட்சி நடந்துகொண்டிருக்கும்போது, வீட்டுக்குள் உட்கார்ந்து அதைத் திருத்தினார். அந்த வருடக் கடைசியில் ரஷ்யாவை விட்டே போய்விட்டார். நடுவில் இரண்டாவது, மூன்றாவது கான்செர்டோக்களை எழுதி முடித்திருந்தவர் அவர். அந்த அனுபவத்தோடு வந்து, 18 வயதின் மெட்டுகளைத் தொடாமல், அவற்றைச் சுற்றி அடைந்திருந்த கனத்தை இறக்கினார். இளமையின் புதுசு அப்படியே இருக்கிறது, வாசிக்க மட்டும் எளிதாகிவிட்டது என்று அவரே சந்தோஷப்பட்டார். நியாயமான சந்தோஷம்.

இரண்டாவது பியானோ சொனாட்டாவில் வேறு மாதிரி நடந்தது. 1913-இல் எழுதியது. 1931-இல் திரும்பி வந்தபோது அதன் நீளம் அவரை உறுத்தியது. ஷோப்பானின் சொனாட்டா 19 நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறதே என்று எண்ணினார். வெட்டினார், நிறையவே வெட்டினார். விளைவு? 1931 பதிப்பு சுருக்கமானது, தெளிவானது. ஆனால் வெட்டிய இடங்களில் இசை தாவுகிறது. முதல் இயக்கத்தில் ஒரு மெட்டு கனிந்து வருவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பியானோ கலைஞர்கள் இன்றும் இதில் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். ஹோரோவிட்ஸ் 1940-இல் ராஃமானினோஃபின் சம்மதத்தோடே இரண்டு பதிப்பையும் கலந்து ஒரு மூன்றாவது வடிவத்தை வாசித்தார். என்னைக் கேட்டால் 1913-தான். கான்செர்டோவில் அவர் கேட்டது 'இந்த மெட்டுக்கு என்ன தேவை' என்ற கேள்வி. சொனாட்டாவில் கேட்டது 'இது ஏன் இவ்வளவு நீளம்' என்பது. இரண்டாவது கேள்வி அந்த இசைக்கு வெளியிலிருந்து வந்தது.

உங்கள் நோட்டில் முழுசாக இருக்கும் மூன்று பீஸைப் பற்றி இதனால்தான் கவலைப்படுகிறேன். இரண்டாவதாக இருக்கும் வால்ட்ஸ் நீளம் என்று ஓரத்தில் புதுப் பென்சிலில் குறித்திருக்கிறீர்கள், படத்தில் தெரிகிறது. தயவுசெய்து வெட்டாதீர்கள். அதில் நடுப்பகுதி இரண்டு முறை வருவதுதான் அதன் சுகம். அதே பீஸில் இரண்டு கையும் ஐந்தாம் இடைவெளியில் ஒன்றாக நகரும் இடம் ஒன்று இருக்கிறது. தியரி வகுப்பில் சிவப்பு மை விழும் இடம். அதையும் தொடாதீர்கள். பஜனை நடக்கும் வீட்டில் ஹார்மோனியம் கேட்டு வளர்ந்த ஒருவருக்குத்தான் அந்தச் சத்தம் அப்படி வந்து விழும். முடிந்த பீஸில் நீங்கள் செய்ய வேண்டியது எழுத்து வேலை மட்டும்: எங்கே பெடல், எங்கே மெதுவாக, எங்கே மூச்சு விடுவது. அன்றைக்கு நீங்களே வாசித்ததால் எதையும் குறிக்கவில்லை. இன்னொருவர் வாசிக்க வேண்டுமானால் குறித்தாக வேண்டும்.

பிராம்ஸின் விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன், அது தனி பியானோவுக்கு எழுதியதாக இல்லாவிட்டாலும். பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்கும் அவர் எழுதிய முதல் ட்ரியோ 1854-இல் வந்தது. 1889-இல், 56 வயதில், அதைத் திருத்தி எழுதினார். பதிப்பாளர் கைமாறியபோது திருத்த வாய்ப்பு கிடைத்தது. தலைக்கு விக் வைக்கவில்லை, முடியைக் கொஞ்சம் வாரிவிட்டேன், அவ்வளவுதான் என்று நண்பர் ஒருவருக்கு எழுதினார். அது அடக்கமாகச் சொன்னது. உண்மையில் மூன்றில் ஒரு பங்கு நீளம் போய்விட்டது. ஸ்கெர்ட்ஸோ என்ற துள்ளலான பகுதியை மட்டும் ஏறக்குறைய அப்படியே விட்டார். ஸ்கெர்ட்ஸோவில் செய்ய ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்டதுதான் அவருடைய பெரிய திறமை என்று நினைக்கிறேன். பழைய பதிப்பையும் அவர் திரும்பப் பெறவில்லை. இன்றைக்கு இரண்டும் அச்சில் இருக்கின்றன, இரண்டையும் வாசிக்கிறார்கள்.

லிஸ்ட் இன்னொரு வகை. 1826-இல், 15 வயதை எட்டும் சமயத்தில் வந்த பயிற்சிகளை 1837-இல் திரும்ப எடுத்து, கை இரண்டும் போதாத அளவுக்குப் பெரிதாக்கினார். 1851-இல் மூன்றாவது முறை வந்து, தேவையில்லாத கஷ்டத்தைக் கழற்றினார். பத்தாம் இடைவெளிக்கு மேல் விரலை விரிக்கும் இடங்களை எடுத்துவிட்டார். இன்றைக்கு எல்லோரும் வாசிப்பது அந்த மூன்றாவது வடிவத்தைத்தான். அதைத் தன் ஆசிரியர் செர்னிக்குச் சமர்ப்பித்தார். முதல் முறை திரும்பி வரும்போது நமக்குத் தெரிந்ததையெல்லாம் உள்ளே திணிக்கத் தோன்றும். லிஸ்ட்டுக்கே தோன்றியது. உங்கள் நான்காவது பீஸில் அந்த ஆசை வரும்போது இடது கையின் ஸ-ப-வை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கட்டாயம் வாசித்திருக்கும் டெபுஸியின் 'கிளேர் டி லூன்' கூட வருடங்கள் கழித்து வெளிவந்த வகைதான். அது இடம்பெறும் 'ஸ்வீட் பெர்கமாஸ்க்' 1890 வாக்கில் தொடங்கியது, வெளிவந்தது 1905-இல். முதலில் 'கிளேர் டி லூன்' பகுதிக்கு வேறு தலைப்பு. எந்த பார் எந்த வருடம் எழுதியது என்று யாராலும் பிரிக்க முடியவில்லை; அது நல்லதாகவும் போயிற்று.

இனி ஐந்தாவது பீஸ். எட்டு பார். தைப்பூசத்தன்று பத்துமலையில் கேட்ட உறுமி மேளத்தை இடது கையில் பிடிக்க முயன்றதாக எழுதியிருக்கிறீர்கள். இதை 'முடிக்க' முயலாதீர்கள். முடிப்பதற்கு அங்கே ஒரு பீஸ் இன்னும் உருவாகவில்லை. ஒரு சத்தம் இருக்கிறது, அந்தச் சத்தம் நன்றாக இருக்கிறது. இதற்குப் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலேஸ் செய்ததைப் பாருங்கள். 1945-இல், 20 வயதில், 'நொட்டாசியோன்' என்று 12 பியானோ துண்டுகள் எழுதினார். ஒவ்வொன்றும் 12 பார்தான். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து, அவற்றில் சிலவற்றை விதையாக எடுத்து முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு விரிவாக்கத் தொடங்கினார். முதல் நான்கு 1980-இல் பாரிஸில் அரங்கேறின, ஏழாவது தொண்ணூறுகளின் கடைசியில் வந்தது. பியானோ துண்டுகள் அப்படியே இருக்கின்றன, ஆர்கெஸ்ட்ரா படைப்புகள் தனியாக இருக்கின்றன. ஒன்று மற்றதைத் திருத்தவில்லை.

உங்கள் எட்டு பாரையும் அப்படி வைத்துக்கொள்ளுங்கள். உறுமியின் அந்த இழுவைச் சத்தம் பியானோவில் வராது; குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் சத்தம் அது, சுரம் வழுக்கிக்கொண்டு போகும். நீங்கள் கீழ் ஸ்தாயியில் இரண்டு பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை மாற்றி மாற்றி அடித்துப் பெடல் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கலங்கல்தான் கண்டுபிடிப்பு. இன்றைக்கு நீங்கள் ஒரு புதுப் பீஸ் எழுதுவதானால் அந்தக் கலங்கலில் தொடங்கலாம். பழைய எட்டு பாரை ஒட்டுப்போட்டு நீட்ட வேண்டாம்.

சரி, வேலை எப்படிச் செய்வது? முதலில் நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் மலிவான நோட்டின் தாள் பழுத்துப்போகும், பால்பாயின்ட் மை பின்பக்கம் ஊறும். எல்லாப் பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்துவிட்டு நோட்டை உறையில் போட்டு வையுங்கள். இனி அதில் ஒரு கோடுகூடப் போடாதீர்கள், பென்சிலால்கூட வேண்டாம்.

அப்புறம் நான்காவது பீஸைக் கையால் புதுத் தாளில் நகல் எடுங்கள். கணினியில் நேரே அடிக்கலாமே என்று தோன்றும். அடித்தவுடன் அது பிளேபேக்கில் வாசித்துக் காட்டும், உடனே குறை தெரியும், உடனே திருத்தத் தோன்றும். அவ்வளவு வேகம் இந்த வேலைக்கு ஆகாது. கையால் எழுதும்போது எந்த பாரில் பேனா தானாக ஓடுகிறது, எந்த பாரில் 'இது என்ன சுரம்' என்று திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று தெரியும். இரண்டாவது வகை பார்கள்தான் தடயம். 23-ஐ நான் இங்கே சொல்லிவிட்டேன்; 11-ஆவது பாரிலும் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் அதை நீங்களே எழுதிப் பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் சரி.

நகல் எடுத்ததைத் திருத்தாமல் கொஞ்ச நாள் அப்படியே வாசியுங்கள், தவறான ஜி மேஜரோடு சேர்த்து. கைக்கு அது மறுபடி பழக வேண்டும். போனில் ஒலிப்பதிவு செய்து வேறொரு நாள் கேளுங்கள். வாசிக்கும்போது நல்லதாகத் தோன்றுவதும் கேட்கும்போது நல்லதாக இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

ஒரு தொழில்நுட்ப விஷயம். அன்றைக்கு உங்கள் வீட்டில் இருந்தது பழைய அப்ரைட் பியானோ, கீழ்க்கட்டைகள் மங்கலாக ஒலிக்கும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதனால்தான் இடது கையின் ஸ-ப-வை அவ்வளவு கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பியானோவில் அது தம்புரா மாதிரி மெல்லக் கேட்டிருக்கும். இன்றைய நல்ல பியானோவில் அதே சுரங்கள் இடி மாதிரி விழுகின்றன. ஒரு ஸ்தாயி மேலே ஏற்றலாம், அல்லது அங்கேயே வைத்துவிட்டு 'மிக மென்மையாக, பாதிப் பெடல்' என்று குறிக்கலாம். இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஸ்தாயி பீஸின் விதி. சத்த அளவு அந்தப் பியானோவின் குணம்.

ரி-க்கும் த-வுக்கும் நீங்கள் போட்டிருக்கும் வேகமான டிரில்கள் (பக்கத்துச் சுரத்தோடு மாற்றி மாற்றி அடிப்பது) பற்றியும் கேட்டிருந்தீர்கள். சுரத்தை அசைக்கும் கமகத்தைப் பியானோவில் கொண்டுவர எல்லோரும் முதலில் செய்வது இதுதான். பியானோவின் கட்டைகளுக்கு நடுவில் எதுவும் இல்லை, ஆகவே சுரம் அசைய முடியாது. ஒவ்வொரு ரி-யிலும் டிரில் போட்டால் காதுக்கு அலங்காரமாகத்தான் கேட்கும், அசைவாகக் கேட்காது. பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டு, முக்கியமான இரண்டு மூன்று இடத்தில் மட்டும் ஸ-விலிருந்து ரி-யைத் தொட்டு, ஸ-வின் கட்டையைக் கொஞ்சம் தாமதமாக விடுங்கள். இரண்டும் ஒரு கணம் உரசும். அந்த உரசலில் ரி அசைகிற மாதிரி ஒரு மயக்கம் வரும். இதுவும் விதியை மாற்றுவதில்லை. அன்றைக்குக் கேட்ட ஆசைக்கு இன்றைக்கு வேறு வழி கண்டுபிடிப்பதுதான்.

'பொய்யாகிவிடாதா' என்ற பயத்துக்கு வருகிறேன். பொய் ஆவதற்கு ஒரே வழிதான் இருக்கிறது: திருத்திவிட்டு, 18 வயதில் எழுதியது என்று தேதி போடுவது. தலைப்புக்குக் கீழே இரண்டு வருடத்தையும் போடுங்கள், தொடங்கியது, முடித்தது. எந்த பார் வரை பழையது என்று பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். பின்னால் வாசிப்பவர் யாராவது பழைய வடிவம்தான் பிடிக்கிறது என்றால் அவருக்கு அதுவும் கிடைக்கும்.

முடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். பீத்தோவன் 1795 வாக்கில் ஒரு துள்ளலான பியானோ பீஸை எழுதி இடது கையில் பல இடங்களை நிரப்பாமலே விட்டுவிட்டார். அவர் இறந்த மறுவருடம், 1828-இல், பதிப்பாளர் டியாபெல்லி அதை முழுசான பீஸாக வெளியிட்டார். 'தொலைந்த காசின் மேல் கோபம்' என்ற பெயரில் உலகமே அதை வாசித்தது. 1940-களில் கையெழுத்துப் பிரதி வெளியே வந்தபோதுதான் எதையெல்லாம் வேறொரு கை நிரப்பியது என்று தெரிந்தது. நல்ல கைதான். ஆனாலும் பீத்தோவன் அங்கே என்ன வைத்திருப்பார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. உங்கள் நான்காவது பீஸுக்கு அப்படி ஒரு நிலை வேண்டாம். அது என்ன கேட்கிறது என்று தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான்.

வாசித்துக் காட்டுவதைப் பற்றிக் கடைசியில் கேட்டிருந்தீர்கள். ட்வின் டவரில் இருக்கும் ஃபில்ஹார்மோனிக் மண்டபத்தையெல்லாம் இப்போது நினைக்க வேண்டாம். நீங்கள் வளர்ந்த செந்தூலிலேயே, பழைய ரயில்வே இடத்தில் 2005-இல் திறந்த கேஎல்பேக் கலையரங்கம் இருக்கிறது; பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. ராகத்தில் எழுதிய பியானோ பீஸைக் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் இந்த இரண்டு பக்கமும் வருவார்கள். ஆனால் முதலில் வேறொரு பியானிஸ்ட்டிடம் கொடுத்து உங்கள் எதிரில் வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் எதுவும் விளக்காமல். தாளில் இருப்பது போதுமா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: நான்காவதை முதலில் எடுங்கள், முழு நகலை வாசித்துப் பழகியபின் இன்னொரு தாளில் 22-ஆவது பார் வரை நகல், 23-இல் அந்தப் புதுக் கார்டு, அங்கிருந்து ராகத்தை விடாமல் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம். பழைய 24 முதல் 38 வரை பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதைப் பார்த்தால் கை மறுபடி அந்த வழியிலேயே போகும். எட்டோ பத்தோ பார் எழுதியதும் படம் எடுத்து அனுப்புங்கள், 11-ஆவது பாரில் என்ன கண்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வால்ட்ஸுக்குப் பெடல் குறிப்பதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.